டாஸை நம்பி அணி எடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி அணி முதன்முறையாக மூன்று நாள் ஆட்டம் ஆடப்போகிறது. நான்தான் கேப்டன். இதுவரை ஆடியதெல்லாம் இருபது ஓவர் ஆட்டம். டெஸ்ட் அணிகள் எப்படித் தேர்வு செய்கின்றன, எத்தனை பவுலர் எடுப்பது? டாஸ் ஜெயித்தால் கண்ணை மூடிக்கொண்டு பேட்டிங் எடு என்கிறார்கள், சரியா?

பதில்: இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். டாஸுக்கு முன்பே பதினோரு பேரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு எதிரணி கேப்டன் சம்மதிக்காமல் ஒரு பெயரைக்கூட மாற்ற முடியாது. டாஸ் போடுவதோ, ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முதல் கால் மணி நேரத்துக்கு முன்னால். ஆக, காசு எப்படி விழும் என்று தெரியாமலேதான் அணியை எடுக்கிறீர்கள். முதலில் பந்து வீசினால் மட்டுமே எடுபடும் அணியை எழுதிக் கொடுத்துவிட்டு டாஸில் தோற்றால், அன்றைக்கு முழுக்க முழிக்க வேண்டியதுதான்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். இருபது ஓவரில் ரன்னைக் கட்டுப்படுத்தினால் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே பொதுவாக இருபது விக்கெட் எடுக்காமல் வெற்றி கிடையாது. (முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்குப் புள்ளி உண்டா என்று உங்கள் போட்டி விதியைப் பாருங்கள். உண்டென்றால் கணக்கு கொஞ்சம் மாறும்.) டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். நாலு பவுலர் என்றால் தலைக்கு 22, 23 ஓவர். ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டால் மிச்ச மூவருக்கும் 30. அதனால் நாலு பவுலரோடு போனாலும், பத்து ஓவராவது ஒழுங்காகப் போடக்கூடிய பேட்ஸ்மேன் ஒருவர் வேண்டும்.

அப்புறம், அந்த நாலு பேர் ஒரே ரகமாக இருக்கக் கூடாது. இடதுகை வேகப்பந்து வீச்சாளர் இருந்தால் கொஞ்சம் சுமாரானவர் என்றாலும் நான் எடுப்பேன். அவர் ஓவர் தி விக்கெட்டில், அதாவது ஸ்டம்ப் தன் இடதுகைப் பக்கம் இருக்க, வீசிவிட்டு ஓடி வரும்போது, அவர் கால்கள் மண்ணைப் பெயர்க்கும் இடம் எதிர்முனையிலிருந்து வீசும் ஆஃப் ஸ்பின்னருக்குச் சொத்து; பெயர்ந்த மண்ணில் பந்து கூடுதலாகத் திரும்பும். வலதுகை பேட்ஸ்மேனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே சரியாக அங்கேதான் அந்த ஸ்பின்னர் பந்தைக் குத்துவார்.

சரி, பிட்ச். முந்தின நாள் சாயங்காலம் ஒரு முறை, ஆட்டத்தன்று காலை ஒரு முறை பாருங்கள். எல்லோரும் புல்லைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் புல்லுக்கு அடியில் இருக்கும் மண்ணைத்தான் பார்ப்பேன். கட்டைவிரலால் அழுத்துங்கள். லேசாக உள்ளே போனாலோ விரலில் ஈரம் பட்டாலோ, முதல் இரண்டு மணி நேரம் பேட்ஸ்மேன் பாடு திண்டாட்டம். அதோடு போகாது. ஈர மண்ணில் பந்து குத்திய இடமெல்லாம் சின்னக் குழியாகி, வெயிலில் அப்படியே இறுகிவிடும். மறுநாள் ஒரு பந்து எகிறும், அடுத்தது கணுக்காலுக்கு வரும். மண் கல் மாதிரி இருந்து, புல்லும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டதென்றால், யோசிக்க ஒன்றுமில்லை, பேட்டிங்.

2024 அக்டோபரில் பெங்களூரு டெஸ்ட் நினைவிருக்கும். முதல் நாள் முழுக்க மழை, பிட்ச் மூடியே கிடந்தது. இரண்டாம் நாள் வானம் மூட்டம். இந்தியா மூன்று ஸ்பின்னர், இரண்டு வேகப்பந்து வீச்சாளரோடு இறங்கி, டாஸ் வென்று பேட்டிங் எடுத்தது. 46 ரன்னில் ஆல் அவுட். பிட்சைத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று ரோஹித் சர்மாவே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் நிலையில் நின்று பாருங்கள். மூன்று ஸ்பின்னரை எடுத்த கேப்டன், பிட்ச் தேய்ந்த பிறகு கடைசியில் பந்து வீசத்தானே ஆசைப்படுவார்? எனக்குத் தெரிந்தவரை தவறு டாஸில் தொடங்கவில்லை, பட்டியலிலேயே தொடங்கிவிட்டது.

பட்டியலும் டாஸும் ஒத்துப்போனால் மட்டும் பலன் நிச்சயம் என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் இந்தியா ஸ்பின்னர் அஸ்வினை வெளியே வைத்து, நாலு வேகப்பந்து வீச்சாளரோடு முதலில் பந்து வீசியது. முரண்பாடே இல்லை. ஆஸ்திரேலியா 469 அடித்தது.

டாஸ் போடப் போகும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த பிட்சில் முதல் காலை கஷ்டமா, கடைசி இன்னிங்ஸ் கஷ்டமா? டெஸ்டில் ஐந்தாம் நாள் விரிசலும் கால்தடமும் சேர்ந்து கடைசி இன்னிங்ஸைக் கெடுக்கும், அதனால்தான் பேட்டிங் என்ற பழக்கம். மூன்று நாளில் பிட்ச் அந்த அளவுக்குத் தேயாது. எனவே மண்ணில் ஈரம் இருந்தால் நீங்கள் தைரியமாகப் பந்து வீசலாம். சந்தேகம் என்றால் பேட்டிங்தான். மேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மதியத்துக்குள் அது கலைந்துவிடலாம்.

இன்னொன்று. 2005 எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட் காலையில், பயிற்சியின்போது ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ரா கீழே கிடந்த பந்தை மிதித்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். முக்கியப் பவுலர் போன பிறகும் ஆஸ்திரேலிய கேப்டன் பாண்டிங் டாஸ் வென்று பந்துவீச்சையே எடுத்தார். அன்று ஒரே நாளில் இங்கிலாந்து 407. கடைசியில் 2 ரன்னில் ஆஸ்திரேலியா தோற்றது. பன்னிரண்டு, பதின்மூன்று பேரை முந்தின நாளே தயாராக வைத்திருங்கள். பட்டியலை மட்டும், எல்லோரும் பயிற்சி முடித்து முழுசாகத் திரும்பி வந்த பிறகு எழுதிக் கொடுங்கள்.