ஸ்கேன் படத்தைச் செயலியில் போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: அண்ணனுக்கு ஓயாத தலைவலி, எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட் வருவதற்குள் என் மகன் ஃபிலிமைப் போனில் படம் பிடித்து ஏதோ ஏஐ செயலியில் போட, 'கிளியோமா' (ஒரு வகை மூளைக்கட்டி) என்று வந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நம்பலாமா?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: நம்பாதீங்கம்மா. ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து எடுத்த படம் அது. மூளைக்கட்டியைக் கணினி எவ்வளவு சரியாக அடையாளம் காண்கிறது என்று பார்க்க 2012 முதல் நடக்கும் பிராட்ஸ் என்ற ஆய்வுப் போட்டியில் டி1, மருந்து ஏற்றிய டி1, டி2, ஃப்ளேர் என்று நான்கு வகை எம்.ஆர்.ஐ. பதிவுகளை முழுசாகக் கொடுத்து, கட்டியின் ஓரத்தை நிபுணர்கள் குறித்துக் காட்டித்தான் கணினியைப் பழக்குகிறார்கள். போனில் எடுத்த ஒரு படம் அதற்கு ஈடாகாது. இன்னொன்று, கிளியோமா, மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் கட்டி), பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி என மூன்று வகைக் கட்டிகளை மட்டும் படித்த நிரலிடம் காசநோயால் மூளையில் வந்த கட்டியைக் காட்டினால், அதையும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் சொல்லும், ஏனென்றால் அதற்கு வேறு பெயரே தெரியாது! நம் ஊரில் காசநோய்க் கட்டி அபூர்வமில்லை, அது மாத்திரையிலேயே கரையக்கூடியது. நிஜமாகவே கிளியோமா என்றாலும், 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி திசு எடுத்து ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் வகை சொல்ல முடியாது.

சரி, ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு முழுப் பதிவும் உள்ள சிடி வட்டையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, நரம்பியல் ஓ.பி.யில் காட்டுங்கள். வலிப்போ விடாத வாந்தியோ வந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.