மழைக்காலத்தில் ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் சென்று ஓர் இரவு தங்கி வர முடியுமா?

வேலூரிலிருந்து நீங்களும் உங்கள் நண்பரும் சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறி, ஓர் இரவு தங்கி, மறுநாள் திரும்ப நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மழை விடாத இந்த மாதங்களில் போகலாமா, கூடாரம் வாங்க வேண்டுமா, எதையெல்லாம் எடுத்துப் போவது என்பவை உங்கள் கேள்விகள். 2022 புரட்டாசியில் நானும் என் பள்ளித் தோழனும் இதே பயணத்தைச் செய்தோம். போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால், ஈரமான மலையில் கூட வருபவரின் முகத்தையும் பேச்சையும் நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருப்பதுதான் முதல் வேலை என்பதையும், மிதிப்பது, ஏறுவது, படம் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பதையும் அந்தப் பயணத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். போகும்போது அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம் வழியாகச் சென்று அங்கிருந்து காவலூருக்கு ஏறினோம். திரும்பும்போது மலையின் மேலுள்ள முக்கிய ஊரான ஜமுனாமரத்தூரிலிருந்து கிழக்கே போளூருக்கு இறங்கி, சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாக வேலூர் வந்து சேர்ந்தோம். இரண்டு நாளும் சேர்த்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர் வரும். கியர் இல்லாத சைக்கிளில் இந்த ஏற்றத்தைப் பையோடு மிதிக்க முடியாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

மழையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் பக்கத்தில் ஆடி முதல் புரட்டாசி வரை பெய்யும் மழை பெரும்பாலும் மாலை மழை. பகல் முழுவதும் வெயில் காய்ந்து, மூன்று நான்கு மணிக்கு மேல் மலையின் தலையில் மேகம் திரண்டு, இடியோடு கொட்டிவிட்டு இரவில் ஓய்ந்துவிடும். ஆகவே விடியுமுன் கிளம்பி, மதியம் மூன்று மணிக்குள் ஒரு கூரையின் கீழ் போய்விட வேண்டும் என்று திட்டமிட்டால் புரட்டாசியில் பெரும்பாலான நாட்களில் நனையாமலே தப்பித்துவிடலாம். ஐப்பசி கார்த்திகை மழை அப்படிப்பட்டதல்ல. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் இரவும் பகலும் விடாமல் பெய்யும். 2021 நவம்பரில் பாலாற்றில் கரை புரண்டு ஓடிய வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த மூன்று மணிக் கணக்கை நாங்கள் தெரிந்தே வைத்திருந்தோம், இருந்தும் தவறவிட்டோம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஒடுகத்தூரில் இட்லி சாப்பிட்டு, உத்திரகாவேரி ஆற்றில் செந்நிறத்தில் தண்ணீர் ஓடுவதைச் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனவரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆலங்காயத்துக்கு முன்னால் என் பின்சக்கரத்தில் சீமைக்கருவேல முள் ஏறியது. டியூபை மட்டும் மாற்றிவிட்டு, டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டிவிட்டேன். உடைந்த முள்ளின் நுனி டயருக்குள்ளேயே இருந்ததால், இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் புது டியூபும் பஞ்சராகிவிட்டது. அதைச் சரிசெய்து, ஆலங்காயத்தில் சாப்பிட்டு, மலை ஏறத் தொடங்கியபோது மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. அப்போதே ஆலங்காயத்தில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஏறியிருக்க வேண்டும். இருவரில் ஒருவர்கூட அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

காவலூரை அடைந்தபோது மூன்று மணியைத் தாண்டியிருந்தது. மரங்களுக்கு இடையே வைணு பாப்பு வானாய்வகத்தின் குவிமாடம் தெரிந்தது. 1986இல் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அதற்குள்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இடத்தின் மேல் அன்று இருட்டிக்கொண்டு நின்றது மேகம். ஜமுனாமரத்தூரை நோக்கிச் சிறிது தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் நண்பன் ஆம்பூரில் ஷூவின் மேற்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறான். கடையில் விற்கும் பைகளின் விலையைப் பார்த்துவிட்டு, சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்துக்குள் பொருந்தும் பை ஒன்று, சீட்டுக்குப் பின்னால் கட்டும் நீளப் பை ஒன்று என்று இருவருக்கும் அவனே தைத்துக் கொடுத்தான். தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், காய நாளாகும் என்பதால் தார்ப்பாய்த் துணியில் தைத்தான். துணியில் ஒரு சொட்டு நீர்கூட இறங்கவில்லை. இறங்கியது தையலில்தான். தடித்த ஊசி போட்ட துளைகள் ஒவ்வொன்றிலும் நூல் திரிபோல நனைந்து, பைக்கு வெளியிலிருந்த நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. பையைத் திறந்தபோது போர்வை, பிஸ்கட், துண்டு எல்லாம் ஊறிப்போயிருந்தன. ஒருவருக்கு ஒரு மாற்றுடை, ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா ஆகியவற்றை மட்டும் உரச்சாக்கின் உள்ளே வரும் பாலிதீன் உறையைக் கழுவிக் காயவைத்து, அதில் போட்டு வாயை முறுக்கிக் கட்டியிருந்தோம். அவை மட்டும் உலர்ந்தே இருந்தன. நீங்கள் எந்தப் பை வாங்கினாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இந்த ஒரு மூட்டையை அதற்குள் தனியாகக் கட்டி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, இரவு தங்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அதை அவிழ்க்காதீர்கள். நாங்கள் வழியிலேயே அவிழ்த்தது அப்படியொரு நிலையில்தான்.

என் நண்பன் சைக்கிள் மிதிக்கும்போதும் ஓயாமல் பேசுகிறவன். ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலும் பேச்சை நிறுத்த மாட்டான். மழையில் அரை மணி நேரம் போனபின், எனக்குப் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை என்பதைக் கவனித்தேன். நின்று திரும்பிப் பார்த்து, "என்னடா, முடியலையா?" என்று கேட்டேன். "எனக்கு ஒன்னும் இல்லடா, நீ போ" என்றான். அந்தச் சில சொற்களும் குழறி வந்தன. சாலையோரம் இருந்த பேருந்து நிழற்குடைக்குள் அவனை அழைத்துச் சென்று உட்காரவைத்தேன். ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்ற அவன் இரண்டு கைகளாலும் முயன்றான். இரு பக்கமும் அழுத்தினால் திறந்துகொள்ளும் சிறிய பிளாஸ்டிக் கொக்கிதான் அது. அதை அழுத்தும் வலு அவன் விரல்களில் இல்லை. நகங்கள் வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கிப் போயிருந்தன. நான்தான் கழற்றிவிட்டேன்.

வெயிலூர் என்று பேர் வாங்கிய ஊரில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் ஓர் ஆபத்தாக முடியும் என்று தோன்றியதே இல்லை. காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூரைவிட மூன்று நான்கு டிகிரிதான் குறைவாக இருக்கும். ஆனால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. நனைந்த சட்டையோடு, வியர்த்த உடம்போடு, இறக்கத்தில் காற்றடிக்கப் போகும்போது உடம்பின் சூடு வேகமாக இறங்கிவிடுகிறது. உடல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். பேச்சுக் குழறல், விரல்கள் சொன்னபடி கேட்காமை, எதிலும் முடிவெடுக்க இயலாமை ஆகியவை தெரிந்தால் அந்த ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் இருப்பவர் தமக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவரை நெடுநாளாக அறிந்தவருக்கு மட்டுமே மாற்றம் தெரியும். அதனால்தான் தனியாகப் போவதைவிட, பழக்கமில்லாத கூட்டத்தோடு போவதைவிட, நன்கு அறிந்த ஒருவரோடு போவதே மேல் என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஈரச் சட்டையைக் கழற்றி, துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்து, உலர்ந்த பனியனையும் ஸ்வெட்டரையும் குல்லாவையும் போட்டுவிட்டு, இரண்டு கடலை உருண்டைகளைத் தின்னக் கொடுத்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு அவன் பேசிய முதல் வாக்கியம், "தையல் மேல பட்டி வெச்சு ஒட்டியிருக்கணும்டா" என்பதுதான். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிரே இருந்த சிற்றூரிலிருந்து ஒரு பாட்டி கோணிச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். "ஏன் சாமி, இந்த மழையில சைக்கிள்லயா வந்தீங்க? வந்து அடுப்பாண்ட குந்துங்க" என்றார். அன்றிரவு ஜமுனாமரத்தூர் போகவில்லை. அந்த வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து, சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டு, திண்ணையில் படுத்தோம். இந்த மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்கு (கேரளத்து மலையாளிகள் அல்லர்) சாமை இன்றும் முக்கியமான பயிர். காலையில் பார்த்தபோது வீட்டுக்குப் பின்னால் கதிர் வாங்கிய சாமை மழையில் சாய்ந்து கிடந்தது. எங்களுக்குச் சோறு போட்டவருக்கு அந்த மழை என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. தங்கியதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். இரண்டு கிலோ சாமையும் ஒரு கிலோ புளியும் விலைக்கு வாங்கிக்கொண்டோம்.

கூடாரம் பற்றிய உங்கள் கேள்விக்கு இதுவே பதில். அதை வாங்க வேண்டாம். சாலையின் இரு பக்கமும் பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அதற்குள் தங்குவது குற்றம். சந்தன மரம் வளரும் காடு என்பதால் இரவில் திரியும் வெளியாட்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஜமுனாமரத்தூரில் சிறு விடுதிகள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, கூடாரத்தின் எடைக்குப் பதிலாக இன்னொரு டியூபும் பிரேக் கட்டைகளும் எடுத்துப் போங்கள்.

பிரேக் கட்டைகளைப் பற்றி விளையாட்டாகச் சொல்லவில்லை. ரிம்மைப் பிடிக்கும் வகைப் பிரேக் இருந்தால், ஈரத்தில் அழுத்தியவுடன் பிடிக்காது. முதலில் தண்ணீரை வழித்தெடுத்த பிறகே பிடிக்கத் தொடங்கும். சாலையில் ஓடும் செம்மண்ணும் மணலும் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் அரைத்துவிடும். போளூர் இறக்கத்தில் பாதி தூரத்தில் என் முன்பிரேக்கிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. நின்று பார்த்தால் ரிம் முழுவதும் சாம்பல் நிறக் குழம்பு. கட்டையைக் கழற்றினால், ரப்பருக்குள் அலுமினியத் துணுக்குகள் எள் போலப் பதிந்திருந்தன. சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். பின்கட்டை உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டிருந்ததால், செங்குத்தான வளைவுகளில் இறங்கி நடந்தே வந்தோம். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காமல், விட்டு விட்டு அழுத்துங்கள். டயரில் காற்றையும் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். போளூருக்குப் பிறகு நெடுஞ்சாலை. அதில் லாரிகளைத் தவிர வேறு தொல்லை இல்லை.

கிளம்பும் நாளன்று ஆலங்காயம் பேருந்து நிலையத்தில், மலையிலிருந்து இறங்கி வந்த பேருந்தின் ஓட்டுநரிடம் எந்தக் கானாற்றில் தண்ணீர் ஓடுகிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் முழங்கால் ஆழம்தானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்காதீர்கள், வடியும்வரை காத்திருங்கள். இடி இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்காதீர்கள். நண்பன் இப்போது தையல்களின் மேல் பட்டி வைத்து ஒட்டி, பைகளைப் புதிதாகத் தைத்திருக்கிறான். உங்கள் சைக்கிள் சட்டத்தின் மூன்று பக்க அளவையும் இங்கே எழுதினால், வெட்டுவதற்கான அளவுகளை அவனிடம் கேட்டு இதே பதிலில் சேர்த்துவிடுகிறேன்.