வெற்றி, மத நல்லிணக்கம், வாட்ஸ்அப் குழு: ஒரு மாணவரின் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன். அடுத்த மாதம் எங்கள் துறைக் கருத்தரங்கில் 'இன்றைய இளைஞர்களின் பார்வை' என்ற தலைப்பில் பேச வேண்டும். என் கருத்துகளைச் சுருக்கமாக எழுதுகிறேன். சரியா தவறா என்று சொல்லுங்கள்.

வெற்றி என்பது முழுக்க முழுக்க உழைப்பால் வருவது. தோற்றவர்கள் போதுமான அளவு உழைக்காதவர்கள். அதிர்ஷ்டம் என்பது சோம்பேறிகள் சொல்லும் சாக்கு.

எல்லா மதங்களும் அன்பைத்தான் போதிக்கின்றன. இதை எல்லோரும் புரிந்துகொண்டால் மதச் சண்டையே இருக்காது.

சமூக ஊடகம் கத்தி மாதிரி. பழம் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். நல்லதும் கெட்டதும் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. போன மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பன் ஒரு மதத்தை இழிவுபடுத்தும் வீடியோவை ஃபார்வர்டு செய்தான். வாக்குவாதம் முற்றி, அந்த மதத்தைச் சேர்ந்த மூன்று பேர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. எல்லா மதமும் அன்பைச் சொல்கிறது என்று நம்புகிற என்னால் அன்றைக்கு ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு மாணவன்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கருத்துகளை எழுதிவிட்டு, கடைசியில் 'இன்னொன்று' என்று ஆரம்பித்து ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசிப் பத்திதான் முக்கியமாகப் படுகிறது. அதில் உங்களை நீங்களே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி நேர்மையானது. அதற்கு வருகிறேன். முதலில் வெற்றி.

உழைப்பைப் பற்றி நமக்குள் சண்டை இல்லை. உழைக்காமல் எதுவும் கைகூடாது. ஆனால் 'தோற்றவர்கள் போதுமான அளவு உழைக்காதவர்கள்' என்ற வரியை உங்கள் உரையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது உண்மையும் இல்லை, நியாயமும் இல்லை. 2006-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மாத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் செய்தது. அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்து கேட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள், இசைக்குழுக்களின் பெயர்கள் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டுக் குழுக்களுக்கும் அதே பாடல்கள்தான். முடிவுகள் மட்டும் வேறு வேறாக வந்தன. எண்ணிக்கையைக் காட்டாதபோது 26-ஆம் இடத்தில் இருந்த ஒரு பாடல், ஒரு குழுவில் முதலிடம் பிடித்தது. இன்னொரு குழுவில் 40-ஆம் இடத்துக்குப் போனது.

அந்தப் பாடலைச் செய்தவர்களின் உழைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதானே? ஆரம்பத்தில் யாரோ சிலர் எதைச் சொடுக்கினார்கள் என்பது மற்றவர்களின் ரசனையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மிகச் சிறந்த பாடல்கள் அநேகமாக அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை அநேகமாக மேலே வரவில்லை. தரத்துக்கும் மதிப்பு இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் இருக்கும் நடுப்பகுதியில் எதுவும் நடக்கலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோற்றவனைப் பார்த்து 'இவன் உழைக்கவில்லை' என்று அவன் கதையைக் கேட்காமலே முடிவு கட்டுகிற மனசு, இன்னொரு மதத்துக்காரரைப் பற்றியும் அதே வேகத்தில் முடிவு கட்டும். அது பழகிவிட்டால் இந்த விஷயத்துக்கு வேண்டும், அந்த விஷயத்துக்கு வேண்டாம் என்று பிரித்து வைக்க முடியாது.

சரி, மத நல்லிணக்கம். எல்லா மதங்களும் அன்பைப் போதிக்கின்றன என்கிறீர்கள். அன்பைப் பேசாத மதம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீடியோவை அனுப்பிய உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் இதையேதான் சொல்வார். மேடையில் இந்த வாக்கியத்துக்குக் கை தட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய் ஃபார்வர்டு செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தெரிவதில்லை. கொள்கையளவில் எல்லோரையும் நேசிப்பது சுலபம். குழுவிலிருந்து வெளியேறிய அந்த மூன்று பேரில் ஒருவருடைய வீட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? தேர்வுக்குச் சேர்ந்து படித்ததுண்டா?

1954-இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் இதைப் பற்றி யோசித்து ஒன்றைச் சொன்னார். வெவ்வேறு சமூகத்தினர் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது. அவர்கள் சமமான நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், அதற்காக ஒருவரோடு ஒருவர் ஒத்துழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களும் அதை ஆதரிக்க வேண்டும். உங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறீர்கள். ஆனால் ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாது என்கிற மாதிரி ஒரு வேலை உங்களுக்குள் இருக்கிறதா?

இராக்கில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2014-இல் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத அமைப்பு வடக்கு இராக்கின் பல பகுதிகளைப் பிடித்தபோது அங்கிருந்த கிறிஸ்தவர்கள் ஊர் ஊராக விரட்டப்பட்டார்கள். பிறகு அந்த அமைப்பு தோற்கடிக்கப்பட்டாலும், முஸ்லிம்கள் மீது அவர்களுக்கு நம்பிக்கை திரும்பவில்லை. அந்தச் சூழலில் சல்மா மூசா என்ற ஆய்வாளர் கால்பந்துப் போட்டிகளை நடத்தினார். எல்லாம் கிறிஸ்தவ வீரர்களின் உள்ளூர் அணிகள். குலுக்கல் முறையில் சில அணிகளுக்குக் கூடுதலாகக் கிறிஸ்தவ வீரர்களைக் கொடுத்தார், சில அணிகளுக்கு முஸ்லிம் வீரர்களைக் கொடுத்தார். சேர்ந்து பயிற்சி, சேர்ந்து ஆட்டம். கலப்பு அணிகளில் விளையாடிய கிறிஸ்தவர்கள், நல்ல விளையாட்டு வீரர் விருதுக்கு வேறு அணியில் இருந்த முஸ்லிம் வீரருக்கு வாக்களிக்க அதிகம் முன்வந்தார்கள். அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேரப் பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வு இது.

இதன் மறுபாதியையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகும். மைதானத்துக்கு வெளியே அந்த மாற்றம் அவ்வளவாகப் போகவில்லை. முஸ்லிம்கள் அதிகம் வாழும் மொசூல் நகரத்து உணவகத்துக்குப் போவதிலோ, இரு மதத்தாரும் கலந்துகொள்ளும் சமூக நிகழ்ச்சிக்கு வருவதிலோ தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கூட விளையாடியவரை நம்ப முடிந்தது, அவருடைய சமூகத்தை முழுசாக நம்ப முடியவில்லை. வீட்டை இழந்த மனிதர்களிடம் இரண்டு மாதக் கால்பந்துக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் சரியில்லை. எனக்கு இந்த ஆய்வு இவ்வளவு பிடித்திருப்பதே அது இந்த எல்லையை மறைக்காததால்தான். நல்லிணக்கம் ஒவ்வொரு மனிதராக, ஒவ்வோர் இடமாக, மெதுவாகத்தான் வளர்கிறது. நடுவில் விட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

சமூக ஊடகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கத்தி உவமையை மட்டும் விட்டுவிடுங்கள். கத்தி தானாக உங்கள் கைக்கு வராது. யாரைக் குத்தலாம் என்று யோசனையும் சொல்லாது. உங்கள் ஃபோனில் எது முதலில் வர வேண்டும், எதற்குப் பிறகு எது என்று ஒரு நிறுவனம் எழுதிய நிரல் முடிவு செய்கிறது. நீங்கள் அதிக நேரம் உள்ளே இருந்தால் அதற்கு வருமானம். வடிவமைப்பை மாற்றினால் நடத்தை மாறும் என்பதற்கு வாட்ஸ்அப்பே சாட்சி. வதந்திகளால் இந்தியாவில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018-இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இங்கே மாற்றினார்கள். அடுத்த ஆண்டு உலகம் முழுவதும் அதே விதி வந்தது. 2020-இல், ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றார்கள். அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஜனங்கள் ஒரே மாதத்தில் நல்லவர்களாகிவிட்டார்களா? இல்லை. அனுப்புவது கொஞ்சம் சிரமமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதற்காக நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று 2018-இல் கண்டறிந்தார்கள். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான். அந்த அளவுக்கு உங்கள் கருத்து சரி.

இப்போது உங்கள் கேள்வி. அன்றைக்கு உங்களால் ஏன் எதுவும் செய்ய முடியவில்லை? உங்களிடம் ஒரு கொள்கை இருந்தது, அந்த மூன்று பேரோடு பழக்கம் இல்லை. அவர்களில் ஒருவர் நெருங்கிய நண்பராக இருந்திருந்தால், 'டேய், இதை அழித்துவிடு' என்று உங்கள் விரல் தானாகவே தட்டியிருக்கும். கோழை என்று உங்களைச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மௌனத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வெளியேறியிருப்பார்கள். அது வலிக்கத்தான் வேண்டும்.

குழுவில் நீளமாக ஒரு நல்லிணக்கச் செய்தி போடாதீர்கள். மூன்று பேரையும் தனித்தனியாக, நேரில் போய்ப் பாருங்கள். அன்றைக்குப் பேசாமல் இருந்தது தப்பு என்று சொல்லுங்கள். திரும்பக் குழுவுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அப்புறம், கருத்தரங்கு இன்னும் ஒரு மாதம் தள்ளித்தானே இருக்கிறது? அவர்களுக்கு விருப்பம் இருந்தால் உரையைச் சேர்ந்து தயாரியுங்கள். ஒருவர் வெற்றியைப் பற்றிய பகுதியைப் பார்க்கட்டும், இன்னொருவர் வாட்ஸ்அப் விஷயத்தைத் தேடட்டும். தயவுசெய்து, அவர்களுடைய மதத்தின் பிரதிநிதியாக யாரையும் மேடையேற்றிவிடாதீர்கள். அவர்களும் உங்களைப் போல மாணவர்கள், அவர்களுக்கும் வெற்றியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

வீடியோவை அனுப்பிய நண்பரையும் விட்டுவிடாதீர்கள். குழுவில் வைத்து அவரை அவமானப்படுத்தினால் அவர் இன்னும் இறுகிப்போவார். தனியாக உட்கார வைத்து, அது எங்கிருந்து வந்தது, அனுப்பும் முன் முழுசாகப் பார்த்தாரா என்று கேளுங்கள். பதில் எப்படி இருந்தாலும் கருத்தரங்கு வேலையில் அவருக்கும் ஒரு பகுதி கொடுங்கள், அந்த மூன்று பேரும் அதற்குச் சம்மதித்தால்.

அன்புடன்.