ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டில் ஓர் அக்ரி மாணவன்

அக்கா, போன வாரம் காலை இட்லிக் கடையை மூடியதும், பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் ஆலோசனை சொல்கிற என்னிடம் நேராக வந்துவிட்டீர்கள். கையில் மாவு வாசனைகூடப் போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலத்துக்கு அரிசி ஊற வைக்க வேண்டும் என்று பாதியில் எழுந்து போனீர்கள். மீதியை இங்கே எழுதுகிறேன். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் இதே கேள்வியோடு வருகிற பெற்றோர் இருப்பதால், உங்கள் பெயரைச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அக்ரி படிக்கிற உங்கள் மகனைப் பற்றி நீங்கள் கேட்டது இதுதான்: "நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இவன் நாலு வருஷம் அக்ரி படிச்சிட்டு வந்து தண்டையார்பேட்டைல எங்க ஏர் ஓட்டுவான்?"

ஏர் ஓட்டவே வேண்டாம். வேளாண் படிப்புக்கு வேலை கொடுக்கிற யாரும் 'உன் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர்' என்று கேட்பதில்லை. வயலுக்குள் விதையும் உரமும் மருந்தும் கடனும் போவதற்கு ஆள் வேண்டும். வயலிலிருந்து வெளியே வருகிற நெல்லைப் பார்த்து, தரம் பிரித்து, சேமித்து, விற்பதற்கும் ஆள் வேண்டும். சம்பள வேலைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு பக்கத்திலும்தான் இருக்கிறது. நம் வடசென்னையையே பாருங்கள். மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் யூரியா தயாரிக்கிறது. மாதவரத்தில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் அங்கேதான். துறைமுகத்தில் வெளிநாட்டிலிருந்து பருப்பும் மரமும் இறங்கினால், அதோடு புதிய பூச்சியோ நோயோ ஊருக்குள் நுழைகிறதா என்று பார்க்கத் தாவர நோய்த் தடுப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். அப்புறம் செங்குன்றம் முழுக்க அரிசி ஆலைகள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உர ஆலைக்குள் இயந்திரத்தை ஓட்டுவது கெமிக்கல் இன்ஜினியர் வேலை. அக்ரி படித்தவர்களுக்கு அங்கே இடம் விற்பனையிலும், விவசாயிகளிடம் எடுத்துச் சொல்கிற பிரிவிலும்தான். 'பக்கத்திலேயே கம்பெனி இருக்கு, உள்ளே போயிடுவான்' என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

நிலம் இல்லை என்றீர்களே, உங்களிடம் இருப்பதைச் சொல்கிறேன். இட்லி அரிசி எடுக்கப் போகும்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மண்டிக்காரர் மூட்டையில் குத்தூசியைச் சொருகி இழுப்பார். அதில் வருகிற அரிசியை உள்ளங்கையில் வாங்கி, ஊதி, விரலால் பரப்பிப் பார்ப்பீர்களாம். நொய் எவ்வளவு, பழுப்பு அரிசி எவ்வளவு, கல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்றைப் பல்லில் கடித்து, 'டக்' என்று உடைந்தால் காய்ந்த அரிசி, மசிந்தால் ஈரம். "புது அரிசி ஊத்துனா இட்லி பிசுபிசுன்னு வரும், திருப்பி அனுப்பிடுவேன்" என்று சொன்னீர்கள். அக்கா, இந்த வேலைக்குக் கிடங்கு நிறுவனங்களிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் தர ஆய்வாளர் என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. மழை பெய்தால் அந்த எண்ணை வைத்துத்தான் டெல்டாவில் சண்டையே நடக்கும். உங்கள் மகன் அந்த 17-ஐப் புத்தகத்தில் படித்திருப்பான். உங்களோடு ஒரு தடவைகூட மண்டிக்கு வந்ததில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அடுத்த லீவுக்கு வந்தால் கூட்டிப் போங்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், கடைசி வருஷம். ரெஸ்யூமேயில் முதல் வரி 'கடின உழைப்பாளி', இரண்டாவது வரி 'குழுவாக இயங்கும் திறன்'. மின்னஞ்சல் முகவரியில் 'வியாசை கிங்' என்று இருந்தது. அதை விடுங்கள், எல்லோரும் ஒரு காலத்தில் கிங்தான். நான் நான்கு கேள்வி கேட்டேன்.

முதல் கேள்வி: "ஏ.டி.டி. 37 தெரியுமா?" நெல் ரகம் என்றான். "ஏ.டி.டி. என்றால்?" முழித்தான். ஆடுதுறை, அந்த ரகம் உருவான ஊர். கோ என்றால் கோயம்புத்தூர், ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம். டி.கே.எம். என்று ஒன்று உண்டு, அது நமக்கு மேற்கே திருவள்ளூர் பக்கத்திலிருக்கும் திரூர்க்குப்பம், அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த ஏ.டி.டி. 37 குண்டு நெல், இட்லிக்குப் போகிற ரகம். தினமும் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது: "ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போடணும், யூரியா மட்டும்தான் இருக்கு, எத்தனை மூட்டை?" செல்போனைத் தேடினான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மூட்டை இப்போது 45 கிலோ, முன்பு இருந்த 50 இல்லை. ஒரு மூட்டையில் கிட்டத்தட்ட 21 கிலோ, ஆக மூன்று மூட்டை. கடைக்கு வரும் விவசாயி செல்போனை எடுக்கும்வரை காத்திருக்க மாட்டார்.

மூன்றாவது: "நெல்லில் புகையான் வந்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" புகையான் என்பது நெல் தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி. அதன் அறிவியல் பெயரைச் சொன்னான், எழுத்துப் பிழையில்லாமல் எழுதியும் காட்டினான். தூரைப் பிரித்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்ப்பேன், அங்கே கூட்டமாக அண்டியிருக்கும், பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது மாதிரி காயும், முதலில் தண்ணீரை வடிக்கச் சொல்வேன், யூரியாவைக் குறைக்கச் சொல்வேன் என்று சொல்ல வரவில்லை.

நான்காவதாக, "கிராமத்தில் தங்கினியே, அங்கே யார் வீட்டு வயலில் என்ன பார்த்தே?" என்றேன். "குரூப்பா போனோம் சார், ரெக்கார்டு நோட்டு ஒருத்தன் எழுதினான், நாங்க பார்த்து எழுதிக்கிட்டோம்" என்றான்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். பி.எஸ்சி. வேளாண்மையில் கடைசி வருஷத்தில் ஊரக வேளாண் பணி அனுபவம் என்று ஒரு பருவம் வரும். மாணவர்கள் ஒரு வட்டாரத்தில் போய்த் தங்கி, விவசாயிகளோடும் வேளாண் அலுவலரோடும் வேலை பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு அது சுற்றுலா. போட்டோ எடுத்து, மரக்கன்று நட்டு, பேப்பரில் செய்தி வரவைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கிராமத்தில் சொந்தக்காரர் இல்லாத நம் பிள்ளைக்கு, விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்காரக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு அதுதான். விவசாயி வீட்டுப் பையனுக்கு இது பிறந்ததிலிருந்தே தெரிந்தது. நம் பையன் அந்தச் சில மாதத்தில்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் உங்கள் மகனிடம் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கச் சொல்லுங்கள். கல்லூரி கேட்கிற ரெக்கார்டு வேறு, இது அவனுக்கு. இந்த விவசாயி, இத்தனை ஏக்கர், இந்த ரகம், எந்தத் தேதியில் நட்டார், என்ன மருந்தை எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கினார், டப்பாவில் முக்கோணம் என்ன நிறம் (சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் அளவைக் காட்ட நான்கு உண்டு), மூட்டை என்ன விலைக்குப் போனது, கடைசியில் கையில் நின்றது எவ்வளவு. பத்து விவசாயிகளைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தால், எந்த இன்டர்வியூவிலும் அவனால் அரைமணி நேரம் பேச முடியும். கூடவே அந்த ஊர் உரக்கடைக்காரரின் நம்பர். விதைக் கம்பெனியும் மருந்துக் கம்பெனியும் ஆள் எடுக்கும்போது முதலில் விசாரிப்பது அந்த டீலர்களிடம்தான்.

சரி, எங்கே வேலை என்று வருவோம்.

முதலில் தனியார் கம்பெனி. விதை, உரம், பூச்சிமருந்து, நுண்ணூட்டம். பெயர் என்னவாக இருந்தாலும் ஆரம்ப வேலை ஒன்றுதான்: ஒரு ஏரியா கொடுப்பார்கள், பைக்கில் ஊர் ஊராகப் போய், டீலரைப் பார்த்து, வயலில் மாதிரித் திடல் போட்டு, விவசாயிகளைக் கூட்டிக் காட்டி, மாதக் கடைசியில் டார்கெட்டைத் தொட வேண்டும். சம்பளத்தோடு பெட்ரோல் படி, விற்றால் ஊக்கத்தொகை. வெயில்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷம் இதைப் பார்த்தவன் எந்த இன்டர்வியூவிலும் திணற மாட்டான். 18 வயது தாண்டியும் பைக் லைசன்ஸ் எடுக்காமல் நான்காம் வருஷம் வருகிற பிள்ளைகள் இங்கே ஏராளம், கியர் வண்டி லைசன்ஸை இந்த லீவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோர் 'ஃபீல்டு வேலை வேண்டாம், லேப் வேலை பாருங்க' என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். விதைப் பரிசோதனைக் கூடம், திசு வளர்ப்புக் கூடம் எல்லாம் இருக்கிறதுதான். ஆனால் அதை அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். போன வருஷம் ஒருத்தி 'எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும் சார்' என்று அம்மா எதிரிலேயே சொன்னாள்.

இரண்டாவது வங்கி. நம்மூர் அக்ரி மாணவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வில் வேளாண் கள அலுவலர் என்று ஒரு பதவி இருக்கிறது. நான்கு வருஷ வேளாண் பட்டம் வேண்டும், வயது 20 முதல் 30 வரை, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. மெக்கானிக்கல், சிவில் மாதிரி பி.இ. படித்தவனும் பி.காம். படித்தவனும் இதற்குப் போட்டி போட முடியாது, அதுதான் லாபம். பாடத்திலிருந்து கேட்கிற கேள்விகளை நம் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள், ஆங்கிலத்திலும் ரீசனிங்கிலும் அடிபடுகிறார்கள். அதற்கு மூன்றாம் வருஷத்திலிருந்து தினம் ஒரு மணி நேரம் வேண்டும். வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் கிரேடு ஏ அதிகாரி தேர்வு இதைவிடக் கடினம், ஆனால் தயாரிப்பு ஒரே திசையில்தான் போகும்.

மூன்றாவது அரசு வேலை. டி.என்.பி.எஸ்.சி. மூலம் வேளாண் அலுவலர், தோட்டக்கலை அலுவலர். நீங்கள் மனதில் வைத்திருப்பது இதைத்தான் என்று தெரியும், வாசலில் நின்று செருப்பைப் போடும்போதுகூட "கவர்மென்ட்டுல கிடைக்காதா" என்று கேட்டீர்கள். கிடைக்கும். ஆனால் அறிவிப்பு எந்த வருஷம் வரும், எத்தனை இடம் என்பது நம் கையில் இல்லை. இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. ஆலோசனை சொல்ல ஆரம்பித்த புதிதில், நன்றாகப் படிக்கிற ஒரு பையனிடம் 'வேறு எதுவும் யோசிக்காதே, உட்கார்ந்து படி' என்றேன். அவன் என் பேச்சை அப்படியே கேட்டான். அறிவிப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. இரண்டு வருஷம் கழித்து ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனபோது, 'இந்த இரண்டு வருஷம் என்ன செய்தாய்' என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இப்போது யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை: வேலையில் சேர், சம்பளம் வாங்கிக்கொண்டே எழுது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கும் வேளாண் பட்டம் செல்லும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, அந்த அறிவிப்பையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

மேற்படிப்பு என்றால் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுகலை நுழைவுத் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு போனால் சரி. வேலை கிடைக்கவில்லை என்பதற்காக எம்.எஸ்சி. சேர்வது பிரச்சினையை இரண்டு வருஷம் தள்ளிப்போடுவது மட்டும்தான். அவன் கல்லூரிக்கு ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்று இன்றே அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், சில இடங்களில் விண்ணப்பிக்கும்போதே அது தேவைப்படும்.

சொந்தத் தொழில் ஆசை இருந்தால், வேளாண் பட்டதாரிகள் விவசாயிகளுக்கு ஆலோசனை மையமோ இடுபொருள் கடையோ தொடங்க மத்திய அரசின் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் 2002-லிருந்து நடக்கிறது. 45 நாள் தங்கிப் படிக்கும் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. அப்புறம் வங்கிக் கடன் கிடைத்தால் 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44. ஆனால் 22 வயதில் கடனோடு தொடங்க நான் சொல்ல மாட்டேன். யாரிடமாவது நாலு வருஷம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு வரட்டும்.

பணம் பற்றி ஒன்று. 'ஆஃபர் லெட்டர் ரெடி, டெபாசிட் மட்டும் கட்டுங்க' என்று யார் போன் செய்தாலும் கட்டாதீர்கள். போன வருஷம் இதே தெருப்பக்கம் ஒரு குடும்பம் நகையை வைத்துக் கட்டியது. அந்தக் கம்பெனிக்கு ஒரு பெயர்ப் பலகை இருந்தது, அடுத்த மாதம் அதுவும் இல்லை. வேலை கொடுக்கிறவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும்.

பொங்கலுக்கு உங்கள் மகன் ஊருக்கு வருவான் என்றீர்கள். ஒரு நாள் காலை கடை முடிந்ததும் அனுப்பிவையுங்கள். ரெஸ்யூமே வேண்டாம், அந்த நோட்டை எடுத்து வரட்டும், ஒன்றும் எழுதியிருக்காவிட்டாலும் பரவாயில்லை. அதோடு நீங்கள் இந்த வாரம் திருப்பி அனுப்பிய மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி, வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி. எது எது என்று அவனுக்குச் சொல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுங்கள்.