குமாவின் உள்ளங்கை

அன்புள்ள அய்யா,

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். மூன்று வருடமாக ஒன் பீஸ் என்ற மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வாசிக்கிறேன். அதில் பிசாசுப் பழம் தின்றவர்களுக்குக் கிடைக்கும் சக்தி ஒவ்வொன்றும் ஒரு குறியீடு என்று எனக்குத் தோன்றுகிறது. கதாநாயகன் லூஃபி என்ற கடற்கொள்ளைக்காரப் பையனின் ரப்பர் உடம்பு சுதந்திரம். நினைத்த இடத்தில் கைகளை முளைக்கவைக்கும் ராபின் தனிமை. மனிதப் பழம் தின்ற கலைமான் சாப்பர் அடையாளச் சிக்கல். இப்படி 40 சக்திகளுக்கு ஒரு நோட்டில் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். இது சரியான வாசிப்பா, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா? சிறுவர் பத்திரிகையில் வரும் சாகசக் கதையை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எடுத்துக்கொள்ளலாம். எய்ச்சிரோ ஓடா 1997 ஜூலையில் தொடங்கிய கதை இது. ஒரு மனிதர் தன் இளமை முழுவதையும் கொட்டி வரைந்ததை நீங்கள் தீவிரமாக வாசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிரிக்கிறவர்களை விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் அதே மாங்காவில் ஒருவனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் பிறகு வருகிறேன். அதற்குமுன் அந்த நோட்டு.

அதை மூடி வையுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். ரப்பர் என்றால் சுதந்திரம் என்று எழுதிய நிமிடமே உங்களுக்கு ரப்பர் மறந்துவிட்டது. வானத்தீவில் எனெல் என்று ஒருவன் வருகிறானே, மின்னலே உடம்பாக இருப்பவன், தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்பவன். அவனைப் பற்றிப் பேசவே அந்த ஊர் ஜனங்கள் நடுங்குகிறார்கள். அவன் லூஃபி மேல் மின்னலை இறக்குகிறான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இறக்குகிறான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கண் பிதுங்கி, வாய் பிளந்து நிற்கும் எனெலின் முகம் நினைவிருக்கிறதா? ரப்பரில் மின்சாரம் பாயாது, அவ்வளவுதான். மின்கம்பம் ஏறும் லைன்மேனின் கையுறைக்குத் தெரிந்த விஷயம் அந்தக் கடவுளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு பக்கத்தில் எத்தனையோ அர்த்தம் இருக்கிறது, ஆனால் எல்லாம் ரப்பர் ரப்பராக இருப்பதால் வந்தது. உங்கள் நோட்டில் உள்ள ‘சுதந்திரம்’ அந்த மின்னலைத் தடுத்திருக்காது.

2022இல் 1044ஆம் அத்தியாயத்தில், அது ரப்பர் பழமே இல்லை, நிகா என்ற சூரியக் கடவுளின் பழம் என்று வந்ததும் உங்களைப் போன்றவர்கள் குதித்திருப்பீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. பெட்டியில் கிடந்த பழத்தை என்னவென்று தெரியாமல் தின்றுவிட்ட ஒரு பையன், இழுத்தால் நீளும் அந்தக் கோமாளி உடம்பை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தான் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பழம் சாப்பர் தின்ற மனிதப் பழத்தின் வகையைச் சேர்ந்தது என்று ஓடா வைத்தது அழகு.

ராபினைப் பற்றி நீங்கள் எழுதியது தப்பில்லை. சாப்பர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, விட்டுவிடுவோம்.

நான் கேட்பது வேறு. அந்த 40 வரியில் ஒன்றிலாவது, அந்தச் சக்திக்கு அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதை முழுக்கக் கடலில் நடக்கிறது, பழம் தின்றவனுக்கு நீச்சல் போய்விடுகிறது. முதல் அத்தியாயத்திலேயே லூஃபி கடலில் விழுகிறான், காப்பாற்ற வந்த கடற்கொள்ளையன் ஷாங்க்ஸின் கையைக் கடல் மிருகம் தின்றுவிடுகிறது. அந்தப் பையனின் சக்திக்கு முதல் விலையைக் கொடுத்தது இன்னொருவரின் இடது கை. அப்புறம் அவன் ரத்த ஓட்டத்தை வேகப்படுத்திச் சண்டை போடக் கற்கிறான், எதிரியே சொல்கிறான், நீ உன் ஆயுளைச் செதுக்கி எடுக்கிறாய் என்று. எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் இதெல்லாம் கண்ணில் படாது. யார் விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இனி குமா. பார்தோலோமியூ குமா.

அவன் உள்ளங்கையில் விலங்குப் பாதம் போல மெத்தை இருக்கும். அது தொட்டால் எதையும் தள்ளிவிடும். காற்றை, குண்டை, மனிதர்களை. 50ஆம் தொகுதியில், மயங்கிக் கிடக்கும் லூஃபியின் உடம்பிலிருந்து வலியையும் களைப்பையும் தள்ளி வெளியே எடுக்கிறான். ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு பெரிய குமிழ். தலைவனுக்குப் பதில் என்னை எடுத்துக்கொள் என்று கேட்ட லூஃபியின் கூட்டாளி ஸோரோ அந்த வலியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறான். இன்னொரு கூட்டாளி சஞ்சி தேடி வந்து பார்க்கும்போது சுற்றிலும் ரத்தம், நடுவில் கைகட்டி நிற்கிறான் ஸோரோ. என்ன நடந்தது என்று கேட்டால், “ஒன்றும் நடக்கவில்லை” என்கிறான்.

அப்போது குமா யாரென்று நமக்குத் தெரியாது. அரசாங்கம் ஏவிவிட்ட ஒரு மலை, அவ்வளவுதான். 2023, 24இல்தான் அவன் சிறுவயது வந்தது. சின்னக் குழந்தையிலேயே அடிமையாக்கப்பட்டவன். மனிதர்களை வேட்டையாடும் தீவில் இரையாகக் கொண்டுவந்து விடப்பட்டபோது அந்தப் பழத்தைத் தின்றவன். தப்பிப் பிழைத்து, ஒரு சின்ன ஊரில் தேவாலயப் போதகர் ஆகிறான். ஊர்க் கிழவர்கள் வருவார்கள், முதுகுவலி, முட்டிவலி. வலியைக் குமிழாக வெளியே எடுத்துவிடுவான். அவர்கள் இளகிய உடம்போடு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தக் குமிழ்களை இவன் தன் உடம்புக்குள் எடுத்துக்கொண்டு அழுவான்.

இரண்டு இடத்திலும் வலி காணாமல் போகவில்லை பாருங்கள். ஓர் உடம்பிலிருந்து கிளம்பியதை இன்னோர் உடம்பு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 50ஆம் தொகுதியில் ஸோரோவிடம் கொடுத்தபோது அது எப்படி இருக்கும் என்று குமாவுக்கு மொத்தமாகத் தெரிந்திருந்தது. அந்தக் காட்சியை இப்போது திரும்பப் படித்தால் அவன் முகம் வேறு முகமாகத் தெரிகிறது.

எனக்குச் சிறுவயதில் அடிக்கடி காதுவலி வரும். எப்போதும் ராத்திரியில்தான். டாக்டர் பக்கத்து ஊரில், பஸ் காலையில். அம்மா அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு, அதன் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றி, என் காதில் பொத்துவாள். சூடு இறங்க இறங்க வலி கொஞ்சம் பின்வாங்கும். கை ஆறியதும் மறுபடி விளக்குக்குப் போகும். “போயிடுச்சா?” என்பாள். “கொஞ்சம்” என்பேன். “கொஞ்சம்னா இன்னொரு தரம் வைக்கிறேன்.” நான் எப்போது தூங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஒருநாள் காலையில் அவள் தோசைக்கரண்டியை இடதுகையில் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கை சிவந்து ஓரத்தில் கொப்புளம். அப்பா கேட்டபோது, “அடுப்புல பட்டுடுச்சு” என்றாள். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எனக்கு ஏழு வயது. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

கடைசி வருடம் அவளுக்கு எலும்பில் நோய். இரவில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவேன். “வலிக்குதாம்மா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லடா, நீ போய்ப் படு” என்பாள். என் கையில் அவள் வலியில் ஒரு துளிகூட ஏறவில்லை. எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஏறவில்லை.

அவள் போய் நாலு வருடம் கழித்துத்தான் அக்கா மகன் அந்தத் தொகுதியைக் கொடுத்தான். ஸோரோ “ஒன்றும் நடக்கவில்லை” என்று சொன்ன பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது எதன் குறியீடு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

உங்களைத் திட்டிவிட்டேன். 40 வரியைக் கையால் எழுதியவர் என்பதால்தான் இவ்வளவு நேரம் உங்களோடு பேசுகிறேன். 50ஆம் தொகுதியை மறுபடி எடுங்கள். குமா முதலில் அந்த வலியில் ஒரு சின்னக் குமிழை மட்டும் ஸோரோவிடம் தொட்டுப் பார்க்கக் கொடுப்பான். அந்தப் பக்கத்தில் நிறுத்தி, இருவர் முகத்தையும் பாருங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.