சோலை வரிப் பற்றுச்சீட்டு காணி உறுதி ஆகுமா?

கேள்வி: உப்புவெளிப் பகுதியில் என் தந்தைக்கு அரசாங்கம் பெமிற்றில் (அனுமதிப்பத்திரத்தில்) வழங்கிய காணி ஒன்று உள்ளது. 1990 இல் இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்து வீடு கட்டினோம். தந்தை காலமாகிவிட்டார், தாயார் என்னுடன் வசிக்கிறார். பிரதேச சபை ஆதனங்களுக்கு அறவிடும் சோலை வரியை நானே என் பெயரில் செலுத்தி வருகிறேன். பிரதேச சபையில் செல்வாக்கு உள்ளவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், அந்தப் பற்றுச்சீட்டுகளை வைத்தே உறுதி முடித்துத் தருவதாகக் கூறி, இரண்டு இலட்சம் ரூபாயும் மூலப் பெமிற்றும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையுமே கொடுக்க வேண்டாம். மூலப் பெமிற்றை நகல் எடுப்பதற்கென்றுகூட அவர் கையில் விடாதீர்கள்.

திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபை உங்களிடம் வரி அறவிடுவது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படியாகும். சபையின் வரி இடாப்பில் உங்கள் பெயர் இருப்பதன் பொருள், அந்த ஆதனத்துக்கான வரியை உங்களிடம் கேட்க வேண்டும் என்பது மட்டுமே. நீங்கள் அங்கே குடியிருப்பதற்குப் பற்றுச்சீட்டு ஒரு சான்று. ஆகவே அதைப் பத்திரமாக வைத்திருங்கள். காணி யாருடையது என்பதை அது சொல்வதில்லை. பெமிற் காணி 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. அதன் கோவை பிரதேச செயலகத்தில் இருக்கிறது. தவிசாளரோ உறுப்பினரோ அந்தக் கோவையில் ஒரு கையெழுத்துக்கூட இட முடியாது.

2023 மார்ச் மாதத்தில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் வாக்களிப்பு நடக்கும் வரையில் நாட்டின் பெரும்பாலான சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இருக்கவில்லை. ஆனாலும் சபையில் ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கியவர்களின் தொழில் அந்த இரண்டு ஆண்டுகளிலும் படுத்துவிடவில்லை. மாகாண சபையின் நிலையும் இதுதான். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தில் காணி மாகாணத்துக்குரிய விடயமாக எழுதப்பட்டிருக்கிறது. அதே திருத்தத்தின் பின்னிணைப்பு அரச காணியைக் குடியரசிடமே வைத்திருக்கிறது. அதில் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்த பின்னர் தேர்தலும் நடக்கவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று மக்களுக்குத் தெரியாதபடி அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது. இடைத்தரகருக்கு வேறு முதலீடு எதற்கு? ஜயபூமி, ரன்பூமி, 2024 இல் உறுமய என்று ஆட்சிக்கு ஒரு பெயரில் மேடை போட்டு உறுதி வழங்கும்போதெல்லாம், உங்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்கிறேன் என்று ஒருவர் வீடு தேடி வருவார்.

அவர் அடுத்துச் சொல்லக்கூடியது, பத்து ஆண்டுகள் ஆண்டு அனுபவித்தால் காணி சொந்தமாகிவிடும் என்பதாக இருக்கும். ஆட்சியுரிமை பற்றிய அந்தச் சட்டம் தனியாருக்கிடையிலான வழக்குகளுக்கு உரியது. அரசுக்கு எதிராக அது செல்லாது. போர்க்காலத்தில் தமது காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016 இல் நிறைவேற்றப்பட்ட சிறப்பு ஏற்பாட்டையும் அவர் எடுத்துக்காட்டக்கூடும்; அதுவும் பெமிற் காணியை உறுதிக் காணியாக்காது. உங்கள் சார்பில் அவர் செயற்படுவதற்கான அற்றோர்ணித் தத்துவம் எழுதித் தரும்படி கேட்டால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள். பெமிற் காணிகள் கைமாறிப்போவது பெரும்பாலும் அந்தத் தாளின் வழியாகத்தான். கொடுத்தவருக்கு அது தெரியவருவது, புதிதாக ஒருவர் வேலி அடைக்க வந்து நிற்கும்போதுதான்.

உங்கள் விடயத்தில் முக்கியமானவர் உங்கள் தாயார். பெமிற்காரர் இறந்தால், அவர் யாரைப் பின்னுரித்தாளராக, அதாவது தமக்குப் பின் காணியைப் பெறுபவராக, நியமித்திருந்தாலும், எவரையும் நியமிக்காமலே விட்டிருந்தாலும், முதலில் உரித்துப் பெறுபவர் வாழ்க்கைத்துணையே. பெமிற்றின் நிபந்தனைகளை நிறைவேற்றினால், பெமிற்றுக்கு அடுத்த கட்டமான அளிப்புப் பத்திரத்தையும் அவர் பெறலாம். ஆனால் அவர் அந்தக் காணியை விற்க முடியாது, நன்கொடையாக எழுத முடியாது, தாம் விரும்பிய பிள்ளையைப் பின்னுரித்தாளராக நியமிக்கவும் முடியாது. அவருக்குப் பின்னர் காணி யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது, உங்கள் தந்தை உயிருடன் இருந்தபோது பதிவுசெய்த நியமனமாகும். ஆகவே தாயாரிடம் நொத்தாரிசைக் கூட்டிவந்து உங்கள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதுவித்தால், கட்டணம் செலுத்தி ஒரு செல்லாத தாளை வாங்கியவர் ஆவீர்கள். தந்தை நியமனம் எதுவும் செய்யாதிருந்தால், சட்டத்தின் அட்டவணையில் உள்ள உறவுமுறை வரிசை பொருந்தும். அந்த வரிசையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. பெண்பிள்ளைக்குக் காணி வராது, அதனால் அண்ணன் பெயரில் முடிப்போம் என்று யாராவது பழைய கதையைச் சொன்னால் நம்பாதீர்கள்.

எனவே முதலில் தெரியவேண்டியது, தந்தையின் கோவையில் யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதுதான். மரணச் சான்றிதழ், தாயாரின் திருமணச் சான்றிதழ், பெமிற்றின் நகல் ஆகியவற்றுடன் தாயாரையே அழைத்துச் சென்று, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில், தாயாரின் உரித்தைப் பதியும்படி எழுத்தில் கேளுங்கள். கோவை கிடைக்கவில்லை, போரில் அழிந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெமிற்றின் பதிவையும் பின்னுரித்து நியமனத்தையும் கேட்டு, தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டியது அவர்களின் கடமை. விண்ணப்பம் பெற்றதற்கான கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.