டெபாசிட்டை உடைத்துத் தங்கம் வாங்கிவிடட்டுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 58. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. சேமிப்பில் முக்கால்வாசி வங்கி டெபாசிட்டில்தான். வீட்டுக் கடன் நான்கு வருடம் பாக்கி. ஜெர்மனியில் குழந்தைகள் நோட்டுக் கட்டுகளை அடுக்கி விளையாடும் பழைய படம் ஒன்றை மருமகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "பணம் ஒருநாள் வெறும் காகிதமாகிவிடும் மாமா, எல்லாவற்றையும் உடைத்துத் தங்கமாக்கிவிடுங்கள்" என்கிறார். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. இதெல்லாம் நடக்குமா? நடந்தால் என்னைப் போன்றவர் கதி என்ன?

பதில்: படம் உண்மைதான் சார். 1923-ல் ஜெர்மனியில் அப்படித்தான் இருந்தது. எனக்கும் இந்தப் படங்கள் வருகின்றன. கூடவே வரும் வீடியோவைக் கடைசிவரை பார்த்தால், பாதிக்குப் பாதி தங்கம் விற்பவரின் தொலைபேசி எண்ணில்தான் போய் முடியும்!

விலைவாசி ஏறுவதெல்லாம் மிகைப் பணவீக்கம் ஆகிவிடாது. பொருளாதார அறிஞர் ஃபிலிப் கேகன் 1956-ல் வைத்த அளவுகோல், ஒரே மாதத்தில் 50 சதவீத ஏற்றம். அது பன்னிரண்டு மாதம் நீடித்தால் விலை ஏறக்குறைய 130 மடங்கு ஆகும். அதாவது இன்று டெபாசிட்டில் இருக்கும் 100, வருடக் கடைசியில் இன்றைய 1-க்கு வாங்குவதைக்கூட வாங்காது.

நோட்டை அச்சடித்தார்கள், அதனால் வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏன் அச்சடித்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு ஏற்கெனவே போர்க்கடன், அதன்மேல் வென்ற நாடுகளுக்குக் கட்ட வேண்டிய போர் இழப்பீடு. அதில் பாக்கி விழுந்தது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. எதிர்ப்பைக் காட்ட, 'வேலைக்குப் போகாதீர்கள், கூலி நாங்கள் தருகிறோம்' என்றது அரசு. நிலக்கரியும் இரும்பும் வருவது நின்றது, கூலி மட்டும் நிற்கவில்லை. அந்தக் கூலி அச்சகத்திலிருந்து வந்தது. ஜிம்பாப்வேயில் 2000-க்குப் பிறகு பண்ணை நிலங்கள் பறிக்கப்பட்டு விளைச்சல் சரிந்தது. அரசின் வரவு வற்றியது, செலவு குறையவில்லை, பள்ளத்தை மத்திய வங்கி நோட்டைக் கொட்டி நிரப்பியது. இரண்டு இடத்திலும் பொருள் சுருங்கிய நேரத்தில் பணம் பெருகியது.

அப்புறம் அது யாரும் தள்ளாமலே உருளும். அரசு இன்று விதிக்கும் வரி மூன்று மாதம் கழித்து வசூலாகும்போது அதற்கு மதிப்பே இருக்காது. எனவே இன்னும் அச்சடிக்க வேண்டும். இந்தப் பக்கம் மக்கள், கையில் வந்த நோட்டை எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒரே நோட்டு ஒரே நாளில் பத்துக் கை மாறும். இந்தக் கட்டத்தில் விலை, அச்சகத்தையும் முந்திக்கொண்டு ஓடும். ஜெர்மனியில் 1914-ல் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க் (அந்நாட்டு நாணயம்). 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். கூலியை நாளுக்கு நாள் கொடுத்தும் போதாமல், ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்தார்கள். இதைவிட மோசம் ஹங்கேரி. 1946 ஜூலையில் அங்கே சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டிப்பானது. கணக்குப் போட்டால், இன்று காலை பார்த்த விலை நாளைக் காலை மூன்று மடங்கு.

கடைக்காரர் நிலையையும் யோசித்துப் பாருங்கள். இன்று விற்ற காசில் நாளைக்குப் பாதிச் சரக்குகூட எடுக்க முடியாது. விற்பதே நஷ்டம் என்றால் பதுக்கத்தானே செய்வார்? ஜிம்பாப்வே அரசு 2007 ஜூனில் விலைகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. சில வாரங்களில் கடை அலமாரிகள் காலி. பொருளெல்லாம் கள்ளச்சந்தைக்குப் போனது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது 2015-ல் அங்கே நடந்தது. பழைய நாணயத்தை அடியோடு திரும்பப் பெற்றபோது, வங்கிக் கணக்கில் 175 குவாட்ரில்லியன் ஜிம்பாப்வே டாலர் வரை (175-க்குப் பின்னால் 15 பூஜ்யம்) இருந்தவர்களுக்கு ஆளுக்கு 5 அமெரிக்க டாலர் கிடைத்தது. முப்பது வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவருக்கும் அதே 5 டாலர்தான்.

சரி, இனி உங்கள் கணக்கு. ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம், வெறும் எண்ணாக எழுதிக்கொடுக்கப்பட்டவை: டெபாசிட், பத்திரம், முதிர்வுத் தொகை நிர்ணயித்த காப்பீடு. வலது பக்கம், பொருளாகவோ தொழிலாகவோ இருப்பவை: வீடு, தங்கம், நிறுவனப் பங்குகள், ஓய்வுக்குப் பிறகும் சம்பாதித்துத் தரக்கூடிய உங்கள் கைத்திறன். மிகைப் பணவீக்கம் இடது பக்கத்தைத் தின்றுவிடும். சாதாரணப் பணவீக்கமும் அதே பக்கத்தைத்தான் அரிக்கிறது, மெதுவாக. வருடம் 6 சதவீதம் என்றாலே பன்னிரண்டு வருடத்தில் பணத்தின் வலு பாதியாகும். உங்களுக்கு அப்போது 70 வயது. என் கவலை இதுதான், மருமகன் அனுப்பிய படம் அல்ல.

அதற்காக எல்லாவற்றையும் தங்கமாக்கச் சொல்லமாட்டேன். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 1999-ல் 250 டாலர் அளவில் கிடந்தது. அந்த உச்சத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு தங்கம் போதும், மிஞ்சினால் பதினைந்து சதவீதம். இரண்டு வருடச் செலவுக்கான பணத்தை டெபாசிட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட காலத்துக்கு மட்டும் பூட்டாதீர்கள். ஒரே தேதியில் முதிராமல் பிரித்துப் போடுங்கள். மீதியில் ஒரு பகுதியைப் பரவலான பங்கு நிதிகளுக்கு (பல நிறுவனங்களின் பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போடும் நிதிகள்) மாதாமாதம் மாற்றலாம். ஒரே மூச்சில் வேண்டாம்.

கடனும் இடது பக்கம்தான். ஆனால் அங்கே எண் கரைவது உங்களுக்கு லாபம். 1923-ல் பலர் வீட்டுக் கடனைச் சில்லறையாக அடைத்தார்கள். ஆனால் 1925-ல் அரசு சட்டம் போட்டு, அடமானக் கடன்களின் பழைய மதிப்பில் 25 சதவீதத்தை மீண்டும் சுமத்தியது. வட்டி மாறும் கடன் என்றால் அந்த லாபமும் கிடைக்காது. ஆகவே இதை நம்பிப் புதுக் கடன் எடுக்க வேண்டாம். இருக்கும் கடனை அவசரப்பட்டு அடைக்கவும் வேண்டாம்.

அரசு சம்பளம் போடவே மத்திய வங்கியின் கையை எதிர்பார்த்தால், வெளிநாட்டு நாணயத்துக்கு வங்கியில் ஒரு விலையும் தெருவில் பல மடங்கு விலையும் இருந்தால், அப்போது இந்தப் பேச்சை வேறு மாதிரிப் பேசுவோம்.

அதற்கு முன் இரண்டு விவரம் எனக்கு வேண்டும். உங்கள் ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா, நின்ற இடத்திலேயே நிற்குமா? வீட்டுக் கடன் வட்டி நிலையானதா, மாறுவதா? அலுவலகத்திலும் வங்கியிலும் கேட்டு எழுதுங்கள். அதுவரை டெபாசிட் எதையும் உடைக்காதீர்கள்.